சீமை எலிக்குக் கட்டின காரை வீடு

பாகூர் கொம்யூனில் இன்றைக்கு நிற்கிற பழைய மெத்தை வீடுகளில் பாதிக்கு மேல் என் கை பட்டவை. தணிகைவேல் மேஸ்திரி என்றால் வில்லியனூர் வரைக்கும் தெரியும். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். பன்னிரண்டு வயதில் சாந்துச் சட்டி தூக்கினேன், முப்பத்தைந்து வயதில் நாற்பது ஆளை வைத்து வேலை வாங்கினேன். யாரும் எனக்கு எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. இந்தக் கதையை எத்தனையோ கல்யாணப் பந்தல்களில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் ஒரு பொங்கலை மட்டும் தாண்டிக்கொண்டு போய்விடுவேன். இப்போது எழுதுவது அந்தப் பொங்கலைப் பற்றியும், விருத்தாம்பாள் என்கிற புல்லுக்காரியைப் பற்றியும்.

விருத்தாம்பாள் குருவிநத்தத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் பாகூருக்கு வாழ வந்தாள், பத்தொன்பதில் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்தாள். பிள்ளை இல்லை. ஏரிக்கரையில் புல் அறுத்து, கட்டாகக் கட்டி, மாடு வைத்திருக்கிறவர்கள் வீட்டில் போடுவாள். அது அவள் பிழைப்பு. அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறு ஒன்று. பசு கன்று போட முடியாமல் திணறினால் ஊரில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சின்னக் கை அவளுக்கு. முழங்கை வரைக்கும் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, மாட்டைத் திட்டிக்கொண்டே கையை உள்ளே விட்டு, கோணிக் கிடக்கிற கன்றைத் திருப்பி எடுத்துவிடுவாள். "ஏண்டி, ஊர்ல நீ ஒருத்திதான் பெத்துக்கிறியா? முக்குடி!" என்பாள். மாடும் முக்கும்.

எட்டு ஏர் வைத்துப் பயிர் செய்த பச்சையப்பன் வேடிக்கையாகச் சொல்வார்: "எங்க வூட்டுப் பசுவுக்கு வலி எடுத்தாலும், விருத்தா வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கினு நிக்கும்பா."

அவள் கை பட்டால் கன்று தங்கும் என்பது பாகூரில் எல்லாரும் நம்பின விஷயம். அந்தக் கைராசிதான் அவள் சொத்து. வேறு சொத்து அவளுக்குக் கிடையாது. தீனி விஷயத்திலும் கெட்டி. பனி இறங்கின புல்லை வெயிலில் உதறிக் காயவைக்காமல் எந்த மாட்டுக்கும் காட்டமாட்டாள். இதை நான் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தேன் என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் உலகநாதன் சைகோனிலிருந்து வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு வருஷம் அங்கே பிரான்சு சர்க்காரில் போலீஸ் உத்தியோகம் பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்பியவர். முறுக்கு மீசை, ஆறடி உயரம். மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. நாலு டிரங்குப் பெட்டி, ஒரு கிராமபோன், ஒரு பிரம்புக் கூண்டு கொண்டுவந்தார். கூண்டுக்குள் சீமை எலி இரண்டு. வாலே கிடையாது. காது ரோஜா இதழ் மாதிரி. புல்லுக்கட்டு சரசரத்தாலே போதும், விசில் அடிப்பது போல் கத்தும். ஒரே வருஷத்தில் இரண்டு ஆறானது. அவர் ஒவ்வொன்றுக்கும் பட்டாளப் பதவியில் பேர் வைத்தார். கப்ரால், சேர்ழான், லியுத்னான் என்று அவர் கூப்பிட, அவை மூக்கைத் துடித்துக்கொண்டு ஓடிவரும். அத்தனை பெரிய மனுஷர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் முருங்கைக்கீரை ஊட்டுவார்.

"பிரெஞ்சுக்காரன் இதுக்கு இந்தியாப் பன்னின்னு பேரு வச்சிருக்கான்" என்று ஒரு நாள் அவர் சொன்னபோது, புல் போட வந்த விருத்தாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எலியாட்டம் கீது, முயலாட்டம் திங்குது, பேரு பன்னியா? இந்தியாவுலேயே பொறந்த நானு இத்த பார்த்ததே இல்லியே ஐயா!"

அடுத்த வருஷம் ஐப்பசி அடைமழையில் தாழ்வாரத்தில் இருந்த பிரம்புக் கூண்டுக்குள் சாரல் அடித்து ஒன்று செத்துப் போனது. உலகநாதன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னையும் விருத்தாம்பாளையும் கூப்பிட்டு அனுப்பினார். பச்சையப்பனும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"மழை இன்னும் ஒரு மாசம் கெடக்குது. அதுக்கப்புறம் மார்கழி, தைப் பனி. இதுங்களுக்கு ஏத்தாப்பல ஒரு வூடு வேணும். இன்னா பண்ணலாம், ரெண்டு பேரும் சொல்லுங்க" என்றார்.

விருத்தாம்பாள் யோசிக்கவே இல்லை. முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "பச்சையப்பரு வூட்ல விளிம்பு ஒடைஞ்ச நெல்லுக் குதிரு ஒண்ணு சும்மா கெடக்குது ஐயா. அத்த மாட்டுக் கொட்டாயில படுக்கப் போட்டு, அடியில நாலு கல்லு முட்டுக் குடுத்துட்டா தரை ஈரம் ஏறாது. உள்ளாற கரும்புச் சோகை போட்டு ரெண்டு நாளைக்கு ஒரு தபா மாத்திடறேன். மண்ணு ஈரத்தைக் குடிச்சிக்கும், சூட்டையும் வுடாது. வாயை மட்டும் தெக்கால பார்த்து வைக்கணும். தை மாசத்து வெயிலு தெக்கதான் சாஞ்சு வரும். வாடைக்காத்து முதுவுல அடிச்சிட்டுப் போவட்டும்."

"பாம்பு பூந்துட்டா?" என்றார் உலகநாதன்.

"மூங்கி தப்பையை நெருக்கி வாய்க்கு அடிச்சா சாரைக்குட்டி கூட பூராது ஐயா."

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த மாதத்தில்தான் உலகநாதன் தனக்கு ஒரு பெரிய மெத்தை வீடு கட்டப்போவதாகப் பேச்சு அடிபட்டது. புதுச்சேரியிலிருந்து மேஸ்திரி கொண்டுவருவாரா, என்னிடம் கொடுப்பாரா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் நான் கட்டினது சுற்றுச்சுவரும் கிணற்று மேடையும்தான். என் கைவேலையைக் காட்ட இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது என்று எனக்குப் பட்டது.

"உடைஞ்ச குதிருல போய் சைகோன் ஐயா வூட்டுப் பிராணியை வைக்கிறதா? கேக்கறவன் சிரிப்பான்" என்றேன். "செங்கல் வச்சு, கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசி, தரைக்கு வழவழன்னு காரை போட்டு, மேல ஓடு வேய்ஞ்சு குடுக்கறேன் ஐயா. இரும்புக் கம்பிக் கதவு, பூட்டு. பாம்பும் வராது, கீரியும் வராது. அப்புறம் தெற்கு வாசல்னு சொல்றாளே, அது எமன் திசை. நான் கட்டற எதுக்கும் தெற்கே வாசல் வைக்கமாட்டேன். வடக்கு, குபேரன் பார்வை."

விருத்தாம்பாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஏன் மேஸ்திரி, எலிக்கு இன்னா மனையடி சாஸ்திரம்? அதுங்க இன்னா பெட்டியில காசு சேக்கப் போவுதா?"

பச்சையப்பன் வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. உலகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. பாம்பு பயம் அவருக்கு. "போன், மேஸ்திரி கட்டட்டும். விருத்தா பார்த்துக்கட்டும்" என்று முடித்துவிட்டார். போன் என்றால் பிரெஞ்சில் சரி என்று அர்த்தம். தோட்டத்துக் கோடியில் இருந்த கீற்று அறையை அவளுக்கே விட்டார்.

பத்து நாளில் கட்டினேன். வேலை என்றால் வேலை, அதில் நான் பொய் சொல்லமாட்டேன். மூன்று முழ நீளம், இரண்டு முழ அகலம், முகம் தெரிகிற மாதிரி தரை. பாகூர் ஜனம் வந்து வேடிக்கை பார்த்தது. "நம்ம வூட்டைவிட நல்லா கீதுடா, வாடகைக்கு வுடுவாரா கேளு" என்று சிலர் கேலி பண்ணினார்கள். கார்த்திகை மழையில் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. நான் போகிறவன் வருகிறவனை எல்லாம் நிறுத்தி அதைக் காட்டினேன்.

மார்கழி பிறந்து வாடை எடுத்தது. வடக்கு வாசல், கம்பிக் கதவு. காற்று நேரே உள்ளே புகுந்து வெளியே போக வழியில்லாமல் சுற்றியது. காரைத் தரை மூத்திரத்தைக் குடிக்காது, நின்றது நின்றபடி கிடந்தது. ஐந்தும் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடந்தன. கப்ராலுக்குத் தும்மல் பிடித்தது. விருத்தாம்பாள் கதவில் கோணிப்பையைக் கட்டித் தொங்கவிட்டாள், தரையில் தினம் சோகை மாற்றினாள். நான் அந்தப் பக்கம் போனபோது கோணியைப் பார்த்துவிட்டு, "என் கட்டடத்துக்குக் கந்தல் கட்டிவிட்டிருக்கியே" என்று பிடுங்கி எறிந்தேன். அவள் எடுத்து மறுபடி கட்டினாள்.

உலகநாதன் மார்கழிக் கடைசியில் பென்ஷன் காரியமாகப் புதுச்சேரி போனார். போகும்போது என்னிடம், "பொங்கல் அன்னிக்குக் காலையில வந்துடுவேன். டவுன்லேருந்து சினேகிதர் ரெண்டு பேரும் வராங்க. வூட்டு வேலையை அன்னிக்குப் பேசி முடிச்சுடலாம்" என்றார்.

போகி அன்று ஊரே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது. நான் மட்டும் சும்மா இருப்பேனா? மத்தியானத்துக்கு மேல் ஆளை விட்டுச் சீமை எலி வீட்டுக்கு உள்ளும் புறமும் இரண்டு கை வெள்ளை அடிக்கச் சொன்னேன். விருத்தாம்பாள் ஐந்தையும் ஒரு கூடையில் வைக்கோல் போட்டுத் தன் அறைக்கு எடுத்துப் போயிருந்தாள். அன்று வெயிலே இல்லை, மூட்டமாக இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் நான் வந்து, "கூடையைக் கொண்டா, உள்ளே விடு" என்றேன்.

"செவுத்தைத் தொட்டுப் பாருங்க மேஸ்திரி. கையில ஒட்டுது. நாளன்னிக்கு வுடறேன், இன்னிக்கு என் அறையிலேயே இருந்துட்டுப் போவட்டும்."

"காலையில ஐயா சினேகிதரோட வந்து பார்க்கும்போது வீடு காலியா இருந்தா நான் எதுக்குக் கட்டினேன்?"

"அதுக்காவ ஈரத்துல வுடுவாங்களா? உங்க புள்ளையை வுடுவீங்களா?"

"எலியும் பிள்ளையும் ஒண்ணாடி? எனக்கு வேலை சொல்லிக்குடுக்க வந்துட்டா!"

நானே கூடையை வாங்கினேன். நானே ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தேன். அவை கையில் சூடாக இருந்தன. சுண்ணாம்பு நெடி என் மூக்கிலேயே ஏறியது. அவள் கோணியைக் கொண்டுவந்தாள், அதையும் கட்டவிடவில்லை. வெள்ளைச் சுவரில் அழுக்குப் படும் என்றேன். பூட்டினேன். நான் போனதும் அவள் எடுத்துவிடுவாள் என்று தெரிந்து சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வில்வண்டி வந்து நின்றபோது நானும் சரியாகப் போய்ச் சேர்ந்தேன், புது வேட்டியோடு. பச்சையப்பன் கரும்பு கொண்டுவந்திருந்தார். விருத்தாம்பாள் அப்போதுதான் ஏரிக்கரையிலிருந்து வந்து, பொங்கல் மாடுகளுக்கு அறுத்த புல்லுக்கட்டை இறக்கிப் போட்டிருந்தாள். நான் பூட்டைத் திறந்தேன். சினேகிதர் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

நாலு செத்து விறைத்திருந்தன. சேர்ழான் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. உலகநாதன் அதை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். அவர் கையிலேயே அதுவும் அடங்கியது. "இன்னா ஆச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்குத் தெரியும். கதவைத் திறந்த உடனே உள்ளேயிருந்து வந்த ஈரச் சில்லிப்பு என் கையில் பட்டது. தெரிந்துகொண்டேதான் சொன்னேன்:

"பனிப்புல்லுங்க ஐயா. பனி இறங்கின புல்லைப் போட்டிருக்கா."

எல்லாரும் அவள் காலடியில் கிடந்த புல்லுக்கட்டைப் பார்த்தார்கள். பனியில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஐயோ, அது இப்ப அறுத்தாந்தது! ஈரச் செவுத்துக்குள்ள அடைச்சுப் பூட்டிக்கினு போயிட்டாரு ஐயா, சாவி அவரு இடுப்புல!" என்று அவள் கத்தினாள்.

உலகநாதன் வெளிச்சுவரில் கையை வைத்துப் பார்த்தார். விடியற்காலைக் காற்றில் வெளிப்பக்கம் உலர்ந்திருந்தது. உள்ளே கையை விட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

"நேத்து சாயங்காலம் இன்னா போட்ட?"

"காய வச்ச புல்லுதான் ஐயா."

"நல்லா காஞ்சுதா?"

போகி அன்று வெயில் இல்லை. அவள் பொய் பேசத் தெரியாதவள். ஒரு மூச்சு நேரம் தயங்கினாள். "மூட்டமா இருந்துது… ஆனா உதறித்தான் போட்டேன்" என்றாள்.

அந்தத் தயக்கமே போதுமாக இருந்தது. பச்சையப்பன், "அடிப்பாவி, நாளைக்கு என் மாட்டுக்கும் இதைத்தானே போடுவ" என்றார். உலகநாதன் அவளைத் திட்டக்கூட இல்லை. அறையைக் காலி செய்யச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் செங்கல்லைப் பார்த்தேன்.

அந்தப் பொங்கல் கழித்து வீட்டு வேலை எனக்கு வந்தது. அந்த வீட்டால்தான் எனக்குப் பேர் ஏறியது. பாகூரில் யாரும் அவளைப் பசுவுக்குக் கூப்பிடவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு மணப்பட்டில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அங்கே கடற்கரை. பசுவுக்கு எங்கே போவது? கருவாட்டுக் கூடை தூக்கினாள்.

பதினோரு வருஷம் கழித்து, உலகச் சண்டை முடிந்த வருஷம், பாகூர் சந்தையில் அவளைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. நான் தாண்டிப் போயிருக்கலாம். அவள்தான் கூப்பிட்டாள். "வாங்க மேஸ்திரி, சுறா கீது, நெத்திலி கீது." முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்பல்லாம் மாட்டுக்குப் போறதில்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எப்டி மேஸ்திரி போவேன்? வாயில்லாத ஜீவன் அஞ்சைக் கொன்ன கையாச்சே" என்றாள். "மொதல்ல உங்க மேலதான் ஆத்திரமா வந்துது. அப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அன்னிக்கு மூட்டம்தானே. சரியா காயலியோ இன்னாவோ. அதுலேருந்து ஒரு கன்னுக்குட்டியக்கூட தொடறதில்ல. தொட்டா செத்துடுமோன்னு பயமாகீது."

நான் சொன்ன பொய்யை ஊர் நம்பினது பெரிதில்லை. அவளே நம்பிவிட்டாள். கருவாட்டுக் கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து சொன்னேன்: "விருத்தா, புல்லு இல்ல. என் சுண்ணாம்புதான். கதவைத் திறந்தப்பவே எனக்குத் தெரியும்."

அவள் தராசைக் கீழே வைத்தாள். பிறகு, "இங்க கருவாட்டுக்குச் சொல்லி இன்னா ஆவப்போவுது? சொன்ன எடத்துல போய்ச் சொல்லு" என்றாள். முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினாள்.

கிளம்பினோம். உலகநாதன் வீட்டு வாசலில் அவள் கூடையோடு நின்றாள், நான் உள்ளே போனேன். அவருக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "வா தணிகைவேல், இப்பதான் உன்னைப் பத்திச் சொல்லிக்கினு இருந்தேன். பத்து மழை பார்த்துட்டுது, ஒரு வெடிப்பு இல்ல!" என்று தன் வீட்டுச் சுவரைத் தட்டிக் காட்டினார். நாலு பேரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் சுவரைப் பற்றித்தான் பேசினேன். எந்த ஊர் சுண்ணாம்பு, எத்தனை நாள் ஊறல் என்றெல்லாம் பேசிவிட்டு வெளியே வந்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வுடு, தெரிஞ்சு போச்சு" என்றாள். கூடையைத் தலைக்கு ஏற்றினாள். "பச்சையப்பரு வூட்டுக் காரிப்பசு நேத்துலேருந்து முடியாம கெடக்குதாம், சந்தையில பேசிக்கினாங்க. நான் போறேன். என் கை மேல தப்பில்லன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சே, அது போதும்."

அவள் விறுவிறு என்று நடந்தாள், நான் பத்து அடி பின்னால் போனேன். பச்சையப்பன் கொட்டாய் வாசலிலேயே மறித்தார். "நீயா? நீ எங்கடி வந்த? இருக்கிற உசுரையும் எடுக்கவா?" என்றவர், என்னைக் கண்டதும் திரும்பினார். "மேஸ்திரி, நீங்கதான் அன்னிக்குக் கண்டுபிடிச்சு சொன்னவரு. நீங்களே சொல்லுங்க. இவளை உள்ள வுடலாமா?"

இதைவிட நல்ல சமயம் ஒரு மனுஷனுக்கு வாய்க்காது. கேட்பதற்கு அந்தப் பொங்கல் காலையில் கூட இருந்த ஆளே எதிரில் நிற்கிறார், சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். என் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.

"வுடுங்க."

அவர் விலகினார். அவள் உள்ளே போய்க் கூடையை இறக்கி, விளக்கெண்ணெய் கேட்டாள். கொஞ்ச நேரத்தில், "முக்குடி, பதினோரு வருஷமாச்சு உன்னைத் திட்டி, முக்கு!" என்று சத்தம் கேட்டது. கன்று முன்னங்கால் மடங்கிக் கிடந்ததாம். திருப்பி எடுத்துவிட்டாள். கிடாரிக் கன்று. அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் பாகூரில் அவளைக் கூப்பிடாத வீடு இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும், பழைய தப்பை மன்னித்துச் சேர்த்துக்கொண்டோம் என்றுதான் பேசினார்கள்.

அதை முதலில் பேசினவர் பச்சையப்பன்தான். கொட்டாய் வாசலில் என் தோளைத் தட்டி, உள்ளே அவள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்: "தப்பு பண்ணவளுக்கும் ஒரு வழி வுடணும்னு நெனைச்சீங்க பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும் மேஸ்திரி?"

உள்ளே விருத்தாம்பாள் ஒருதரம் சிரித்தாள். பச்சையப்பன் மோர் கொண்டுவரச் சொன்னார். நான் நின்றபடியே வாங்கிக் குடித்தேன்.